பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள்

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் செக்கரம்மா முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். முன்பக்கம் பயணி காட்ட விரும்புவது. பின்பக்கத்தைப் பற்றி அவர் யோசித்தே இருக்க மாட்டார் என்பது அவளுடைய இருபத்திரண்டு வருட ரயில் பாடம். பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததை ஒரு கணம் முறைத்துவிட்டு, முன்பக்கத்தைப் படித்து, கடைசியாக ஆளின் முகத்தைப் பார்ப்பாள். சரியான டிக்கெட் வைத்திருப்பவர்கள்கூட அந்த நேரத்தில் எச்சில் விழுங்குவார்கள். விழுங்கினால் இன்னொரு தரம் பின்பக்கம் பார்ப்பாள்.

வீட்டிலும் அதே கண்தான். பால் பாக்கெட்டின் தேதியைக் கடையில் ஒருமுறை பார்ப்பாள், வீட்டுக்கு வந்து ஒருமுறை பார்ப்பாள். "தேதி எங்கம்மா மாறப் போகுது?" என்பான் கணவன். "தேதி மாறாது. பாக்கெட் மாறும்" என்பாள். இலவசம் என்று எழுதியிருக்கும் எதையும் தொட மாட்டாள். டாக்டர் "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அன்றைக்குத்தான் பயப்படுவாள். தன் கூந்தலைப் பின்னும்போதுகூடக் கண்ணாடியில் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு பார்வை போகும்.

இப்படிப்பட்டவள் போனில் பண்ணை வைத்து விளையாடுகிறாள் என்றால் கூட வேலை செய்பவர்களே நம்புவதில்லை. விளையாடுகிறாள். அவளுக்கும் கணவனுக்கும் சேர்த்து ஒரே பண்ணை, ஆளுக்கொரு போன். அவன் ரொட்டிக்கூடத்தில் அடுப்பு பார்ப்பவன். ஊர் விழிக்கும் முன்னே போய், நண்பகலில் மாவு வாசனையோடு திரும்புவான். அவளுடைய ரயில் இரண்டரைக்கு. ஞாயிறு தவிர, ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் விதைப்பார்கள், களை பிடுங்குவார்கள், வேலி கட்டுவார்கள். நடுவில் அவன் அண்ணன் வீட்டுச் சண்டை, இவள் பிடித்த ஓசிப் பயணி எல்லாம் பேச்சில் வந்து போகும். இந்தப் பண்ணை வருவதற்கு முன்பு அவர்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய சீட்டு வழியாகத்தான் குடும்பம் நடத்தினார்கள். "காஸ் சொல்லியாச்சு." "குழாய்க்காரர் வரல." வெளியே சொல்ல மாட்டாளே தவிர, அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் செக்கரம்மா காலையில் கண்ணைத் திறக்கிறாள்.

அந்தப் பண்ணையில்தான் இப்போது சிக்கல். பயிரிலும் மாட்டிலும் வேலை செய்யச் செய்ய அங்கே ஆளுக்குத் தனித்தனியாக அனுபவம் ஏறும்; மீன், விறகு அதில் சேராது. பத்தாம் படியைத் தொட்டதும், பொழுது சாய்ந்து படுக்கப் போகும்போது ஆட்டம் ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் உழவரா, மேய்ப்பரா? உழவர் என்றால் பயிர் சீக்கிரம் விளையும். மேய்ப்பர் என்றால் மாடு சீக்கிரம் பழகும், பால் கூடும். ஒன்றைத் தொட்டால் மற்றது அதோடு சரி. பிறகு மாற்ற முடியாது.

"பத்து சதவீதம் சீக்கிரம்னு போட்டிருக்கான். எதவிடச் சீக்கிரம்? இப்ப எவ்வளவு நாள் ஆகுதுன்னு எங்கயாவது சொல்லியிருக்கானா?" என்றாள் செக்கரம்மா.

கேள்வி முதல் முறை வந்தபோது பதில் சொல்லாமல் ஆட்டத்தை அப்படியே மூடிவிட்டாள். பண்ணை அவள் போனில்தான் இருக்கிறது. பதில் சொல்லாமல் மூடினால் அந்த நாள் இருவருக்குமே நடக்காத நாளாகிவிடும். மறுநாள் திறந்தால் பண்ணையில் பழையபடி அதே செவ்வாய்க்கிழமை, அதே தூறல். விதைக்கடைக்காரர் கதவைத் திறந்து, "இன்னைக்கு மழை நிக்கிற மாதிரி தெரியல" என்று அதே வாக்கியத்தைச் சொல்வார். சாயங்காலம் அதே கேள்வி வரும், அவள் அதேபோல் மூடுவாள். பன்னிரண்டு நாளாக அங்கே செவ்வாய்க்கிழமைதான் நடக்கிறது.

மனசு என்னவோ மேய்ப்பர் பக்கம். புள்ளி போட்ட பசு ஒன்று இருக்கிறது, இவளைக் கண்டால் தலையை ஆட்டும். அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறாள். ரயிலில் ஆள் குறைந்த நேரங்களில் இன்ஸ்பெக்டரை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்வதும் உண்டு.

ஆனால் மாடு வைப்பது லேசான காரியமா? பயிர் என்றால் தெளிப்பானை வைத்துவிட்டு ஒருத்தியே சமாளித்துவிடலாம். கணவன் நாளைக்கே அலுத்துப்போய் எழுந்து போனாலும் உழவருக்கு ஒரு குறையும் வராது. மந்தை பெருகிவிட்டால் அப்படியில்லை. தீவனம் வைக்க வேண்டும், ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுக்க வேண்டும், ஆட்டத்தின் ஒரு பகலுக்குள் தனி ஆளால் ஆகாது. கவனிக்காத மாடு பால் தராது, கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மேய்ப்பர் என்று தொடுவது, எதிரே இருக்கிற மனிதன் தினமும் வருவான் என்று எழுதிக் கொடுக்கிற மாதிரி. செக்கரம்மா யாருக்காகவும் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

அவனைக் கேட்காமலும் இல்லை. "எத எடுக்கட்டும்?" என்றாள் முதல் நாளே. "உன் இஷ்டம்மா" என்றான். இரண்டாம் நாளும் உன் இஷ்டம். ஆறாம் நாள் சற்றே குரலை உயர்த்திக் கேட்டபோதும் உன் இஷ்டம்.

"உன் இஷ்டம்னு சொல்ற ஆளுக்கு ரெண்டே காரணம்தான் இருக்கும்" என்று ரயில் கார்டிடம் விளக்கினாள். "ஒண்ணு, தனக்கு வேண்டியத முன்னாடியே ஒதுக்கி வச்சிருப்பான். இல்லன்னா, எது எப்படிப் போனா எனக்கென்னன்னு இருப்பான்."

"பொண்டாட்டிகிட்ட பயமா இருக்கலாமே" என்றார் கார்டு.

"அது எல்லாருக்கும் இருக்கு. அதெல்லாம் காரணமாகாது."

அவள் பயந்தது இரண்டாவது காரணத்துக்கு. பன்னிரண்டு நாள் ஒரே தூறலில் நனைந்தும் ஒரு மனிதன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை என்றால் அவனுக்கு அதில் மனசே இல்லை என்றுதானே அர்த்தம்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இவன் அலுப்பை வாய்விட்டுச் சொல்லாமல், மரியாதைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். ஒருநாள் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவான். அப்புறம் குளிர்பெட்டிக் கதவுதான்.

பிறகு பீன்ஸ் கண்ணில் பட்டது. பண்ணையின் கிழக்கு மூலையில் அவன் போட்ட பீன்ஸ் பாத்தி. அந்தச் செவ்வாய்க்கிழமை அது முற்றி, பறிக்கிற பதத்தில் தொங்குகிறது. அவனோ அதன் பக்கமே போகவில்லை. காலையில் குளத்துக்குப் போய்த் தூண்டில் போடுகிறான், மத்தியானம் விறகு வெட்டுகிறான், கடைக்கு ஒன்றுமே வாங்காமல் போய் வருகிறான். கிழக்கு மூலையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறான். டிக்கெட் இல்லாதவன் செக்கர் இருக்கிற பெட்டியை விட்டுவிட்டு அடுத்த பெட்டியில் ஏறுவானே, அந்த நடை அவளுக்குத் தெரியாததா? மூன்று செவ்வாய்க்கிழமை பொறுத்துப் பார்த்தாள். மூன்றிலும் அதே நடை.

பதின்மூன்றாம் நாள், தட்டுகளை ஒதுக்கிவிட்டு, பண்ணையில் அவன் தூண்டிலை எடுத்த உடனே மேஜைக்கு மேல் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் காட்டுங்க."

ரயிலில் சொல்கிற அதே தொனி. அவன் போனைக் கொடுத்தான். வாங்கியதும் பழக்கதோஷத்தில் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், மாவு அப்பியிருந்தது. திருப்பி, அவனுடைய அனுபவப் பக்கத்தைத் திறந்தாள். ஒன்பதாம் படி. கோடு கிட்டத்தட்ட நிரம்பி, ஓரத்தில் மயிரிழை மட்டும் பாக்கி.

"நாலு பீன்ஸ் பறிச்சா பத்து வந்துரும்."

"ஆமா."

"பன்னண்டு நாளா பறிக்கல."

"ஆமா."

"ஏன்?"

அவன் நகத்திடுக்கில் இருந்த மாவைச் சுரண்டினான். "பறிச்சா அது என்னையும் கேட்கும்ல?"

"கேட்கட்டுமே. வாய் இல்லையா?"

"நான் ஒண்ணச் சொல்லிட்டா, அதுக்கு எதிர இருக்கறத நீ எடுத்துக்குவ. அதான் நீ முதல்ல உனக்குப் பிடிச்சத எடுக்கட்டும்னு இருந்தேன். நீ விட்டத நான் எடுத்துக்கறேன். ரெண்டும் நம்ம பண்ணையிலதானே இருக்கப் போகுது."

செக்கரம்மா அந்தப் பதிலில் ஓட்டை தேடினாள். அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆளில்லை. "இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. உன் இஷ்டம்னு."

அந்த ஓட்டையும் அடைபட்டது. ஆனாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது, நிஜத்தில் அது ஒன்றுதான் கேள்வி. "ஒரே செவ்வாக்கிழமையப் பிடிச்சு மாத்தி மாத்தி ஓட்டறேனே, உங்களுக்கு அலுப்பா இல்லையா? நிஜத்தச் சொல்லுங்க."

"பத்தொம்பது வருஷமா ஒரே ரொட்டி போடறேன். அங்க நின்னுக்கிட்டுப் போடறேன். இங்க உட்கார்ந்தாவது இருக்கேன்" என்றான். பிறகு சற்றுக் கூச்சத்தோடு, "எதிர்ல நீயும் இருக்க" என்றான்.

கையிலிருந்த அவன் போனை இன்னொரு தரம் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். மாவைத் தவிர ஒன்றும் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு விறுவிறுவென்று வேலைகளை முடித்தார்கள். பண்ணையில் பொழுது சாய்ந்தது, இருவரும் படுத்தார்கள், கேள்வி வந்தது. செக்கரம்மா மேய்ப்பரைத் தொட்டாள். உறுதியா என்று ஆட்டம் திரும்பக் கேட்டது. "கேள்வியப் பாரு" என்று அதையும் தொட்டாள். பண்ணையில் புதன்கிழமை விடிந்தது. தூறல் நின்றிருந்தது. அவன் "அப்பாடா" என்று பீன்ஸ் பாத்தியைப் பார்த்து ஓடினான்.

"மாடுன்னா தினம் ஆள் வரணும், தெரியும்ல?"

"வருவேன்."

"வருவேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க."

அவன் இரண்டாவது காயைப் பறிப்பதற்குள் போனை மறுபடியும் அவன் கையிலிருந்து வாங்கினாள். ஆட்டத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அலாரத்தைத் திறந்து, மத்தியானம் ஒரு மணி என்று வைத்து, பெயர் கேட்ட இடத்தில் "மாடு" என்று எழுதினாள். கீழே இருந்த ஏழு கிழமைகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அவன் இழுத்துப் போர்த்திக்கொண்டு சாயங்காலம் வரை தூங்குகிற ஞாயிற்றுக்கிழமையையும் விடவில்லை. ஒருதரம் அடிக்க விட்டு, காதருகே வைத்துக் கேட்டு, சத்தத்தை இரண்டு படி கூட்டிய பிறகே போனை அவன் கையில் கொடுத்தாள்.