சாமி விளக்கில் எரிந்த எண்ணெய்

மூன்றாம் வகுப்போடு சமவெளியிலிருந்து மலையேறி வந்தவன் நான். புதர் மண்டிய சரிவை வெட்டித் தேயிலை நட்டேன். காய்கறி மூட்டை சுமந்த இதே முதுகால் அரவேணுவில் இரண்டு மாடிக் கடை எழுப்பினேன். அம்மன் கோவில் முன்மண்டபத்துக் கல்வெட்டில் இருப்பது என் பெயர். போய்ப் பாருங்கள்!

இத்தனை கட்டியவன் உடைத்தது ஒன்றே ஒன்று... என் பேத்தியின் வலது கை எலும்பு.

மகள் வயிற்றுப் பேத்தி, நான்கு வயது. பிறக்கும்போதே ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டிருந்தது. கைக்குழந்தையிலேயே அறுவை செய்தும் கண்ணின் மஞ்சள் முழுதாகப் போகவில்லை. மருமகன் வெளியூரில், மகள் தினமும் பஸ் பிடித்து வெலிங்டனுக்கு வேலைக்குப் போகிறாள். மதியச் சோறு ஊட்டுவது என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிய பொறுப்பு!

கோயம்புத்தூர் டாக்டர் ஓர் எண்ணெய் எழுதிக் கொடுத்தார், மதியச் சோற்றில் பிசைய. கூடவே எண்ணெய்ப் பசையோடு ஒரு சொட்டு மருந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காமாலைக்கு எண்ணெயா? இளவயதில் எனக்குக் காமாலை கண்டபோது கீழாநெல்லியும் உப்பில்லாத மோர்ச் சோறும்தான் கொடுத்தார்கள். பிழைக்கவில்லையா நான்? படித்தவனுக்குப் பத்தியம் தெரியுமா?

ஆகவே பேத்திக்கும் மோர்ச் சோறு. அவள் பங்கு எண்ணெயையும் சொட்டு மருந்தையும் சாமி விளக்கில் ஊற்றினேன். நன்றாகவே எரிந்தது... புட்டி குறைவதைப் பார்த்து மகளுக்கு நிம்மதி. மாலையில் அந்த விளக்கின் முன் நின்றுதான் பிள்ளைக்காகக் கும்பிடுவாள்.

ஒரு நாள் காலை, ஜீப்பில் ஏற்றப் பேத்தியின் கையைப் பிடித்தேன்.

"நானே ஏறுவேன் அப்பிச்சி!"

"உனக்கு எட்டுமா கண்ணு?" என்று சிரித்தபடி தூக்கினேன்.

காய்ந்த தேயிலைக் குச்சி முறிவது போல் ஒரு சத்தம்...

அதே டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பித்தம் குடலுக்குச் சரியா எறங்கலைங்க. அதனால கொழுப்பும் வைட்டமின் டியும் ஒடம்புல ஒட்டாது, எலும்பு பலவீனமாயிரும். அதுக்குத்தான் பித்தம் இல்லாமலே ஒட்டற அந்த எண்ணெயும், வைட்டமின் டி சொட்டும். தவறாமக் குடுத்தீங்களா?"

"ஒரு நாள்கூடத் தவறலைங்க. அப்பாதான் ஊட்டறாரு," என்றாள் மகள், பெருமையாக.

பெருமையாக!

"அப்ப டோஸைக் கூட்டணும் போல..." என்று டாக்டர் பேனாவை எடுத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அப்போதும் கோபமாகத்தான்: "ஈரல் ஈரல்னீங்களே, எலும்புன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னாங்கப்பா," என்றாள் மகள், என்னைப் பார்க்காமல். "நீங்க டீ குடிக்க வெளிய போயிருந்தீங்க. ஊட்டுக்கு வந்து நானும் சொன்னேன். எனக்கே பாடமான்னு கேட்டீங்க."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "பல பேரு இப்படித்தாங்க பத்தியம் வெக்கறாங்க, பெரியவரே," என்றார்.

பல பேரா! பல பேரில் ஒருவனா நான்? திட்டியிருக்கலாமே அந்த மனிதர்!

சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார்கள். "பெத்தவ ஊட்டுல இருந்து பாத்திருந்தா இப்பிடி ஆயிருக்குமுங்களா? நீங்க ஒருத்தரு எத்தனையத்தான் பாப்பீங்க?" என்றாள் என் தங்கை. மகள் வாய் திறக்கவில்லை. என் மரியாதையைக் காக்கிறாளாம்! நானும் வாய் திறக்கவில்லை... காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் வந்த வாய், சொந்தங்கள் முன் எங்கே போயிற்று?

இப்போது எண்ணெய்ப் புட்டி மகளின் பீரோவில், பூட்டுக்குள். வேலைக்குப் போகுமுன் அவளே ஊட்டுகிறாள். பேத்தி மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறு கையை என்னிடம் நீட்டுகிறாள். "மெதுவா அப்பிச்சி..."

அந்த விரல்களைப் பிடிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

சொந்தங்களே, இந்த வீட்டில் ஒவ்வொரு கல்லும் என்னால் என்று புகழ்ந்தீர்களே! இதற்கு மட்டும் ஏன் என் மகளின் பெயர்? எடுங்கள் அதை! மண்டபத்தில் என் பெயரைப் பொறித்தவர்கள் இதையும் என் பெயரிலேயே சொல்லுங்கள். அந்தக் கையை முறித்தவன் நான்!