இறுக்காமல் விட்ட நட்டு

யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூன் வட்டாரத்தில் பவானியிடம் சக்கரம் கொடுத்தவர்கள், திரும்ப வாங்க வரும்போது அது தங்களுடையதுதானா என்று ஒரு நிமிஷம் சந்தேகப்படுவார்கள். மழைக்காலம் முழுக்க யாங்கோன் தெருக்களில் ஓடிய சக்கரம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். சேறு, சாக்கடைத் தண்ணீர், பிரேக் தேய்ந்து உதிர்ந்த கறுப்புத் தூள், அதற்கு மேல் துரு என்று எல்லாம் சேர்ந்து அடையாக அப்பியிருக்கும். பவானி அதை மண்ணெண்ணெய் போட்டு ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, சில்வர் பெயிண்ட் அடித்துக் கொடுப்பாள். வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். "வண்டிய ஓட்டுனீங்களா, வயல உழுதீங்களா?" என்று கேட்காமல் யாருடைய சக்கரத்தையும் வாங்க மாட்டாள். பர்மியர்களிடமும் இதையே அவர்கள் பாஷையில் கேட்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே, அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுவது போல "மா பவானி" என்று அவளைத்தான் தேடி வருவார்கள்.

புருஷன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். அந்தப் பேச்சை எடுத்தால் அவளுக்குப் பிடிக்காது. நாமும் விட்டுவிடுவோம். அவளுக்கென்று மிஞ்சியது தம்பி சுரேந்திரன் ஒருவன்தான். அம்மா கண்ணை மூடியபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனை ஆளாக்கி, பழைய வேன் ஒன்று வாங்கிக் கொடுத்து, ராதாவைக் கட்டிவைத்து, இரண்டு பேரையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்ததிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கிற ஆண்பிள்ளை யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். சுரேந்திரனுக்கு இருபத்தேழு. மூன்றாவது சந்தில் ஒரு பையன் ரொட்டி வாங்கப் போனவன் திரும்பவில்லை. பிறகு எங்கோ பயிற்சி முகாமிலிருந்து ஒரே ஒரு போன் வந்ததாகச் சொன்னார்கள். அன்றைக்குப் பவானிக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியைத் தெரிந்த தெருக்களில்தான் ஓட்டவிட்டாள், அதுவும் பகலில் மட்டும். சோதனைச் சாவடி இருக்கிற பக்கம் எவ்வளவு வாடகை வந்தாலும் போகக்கூடாது. அவனும் அக்கா சொன்னதைத் தட்டாதவன். ராதா கேலி செய்வாள், "அக்கா கிழிச்ச கோட்டுக்குள்ளதான் வேன் ஓடுது" என்று.

மழை விட்டதும் ஆயுத பூஜை வந்தது. அந்த வீட்டில் அந்த நாளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. பொட்டு வைத்த வண்டியை நகர்த்தவும் கூடாது. அவளுடைய அப்பா காலத்திலிருந்து இது மாறியதில்லை. யாரும் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

காலையில் ஊரார் சக்கரங்களை எல்லாம் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசியாகத் தம்பி வேனின் சக்கரங்களுக்கு வந்தாள். சொந்த வண்டி என்பதால் பெயிண்டை இரண்டு கை கூடவே அடித்தாள். உள்பக்கம், நட்டு உட்காருகிற இடம் எதையும் விடவில்லை. புதுப் பெயிண்டின் மேல் முடுக்கிய நட்டு நிற்காது, பெயிண்ட் நசுங்க நசுங்க இளகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் வண்டியைத் தரையில் இறக்கியபின் ஸ்பேனரில் காலை வைத்து ஏறி மிதித்து இறுக்குவாள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லி மறுபடியும் இறுக்குவாள்.

அன்று முன்சக்கரங்களை இறுக்கி முடித்திருந்தாள். பின்சக்கரங்களைக் கையால் முடுக்கி ஜாக்கியை இறக்கியபோது உள்ளேயிருந்து ராதா குரல் கொடுத்தாள்.

"அக்கா, நல்ல நேரம் முடியப் போகுது. சாமானெல்லாம் கொண்டாங்க!"

ஸ்பேனர் இல்லாமல் பூஜையா? அதுதானே அவளுக்குச் சோறு போடுகிறது. துடைத்துக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தாள். சந்தனம், குங்குமம் வைத்தாள். வேனுக்கும் ஒவ்வொரு நட்டுக்கும் பொட்டு வைத்தாள். நாளைக் காலையில் முதல் வேலையாகப் பின்சக்கரத்தை இறுக்கிவிட்டால் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. பொட்டு வைத்த வண்டியை இந்த வீட்டில் யார் எடுக்கப் போகிறார்கள்?

மத்தியானம் சுண்டலும் பொங்கலும் எடுத்துக்கொண்டு தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போனாள். போன இடத்தில் எல்லாம் உட்கார்ந்து பேசினாள். திரும்பி வந்தபோது வேன் நின்ற இடம் காலியாகக் கிடந்தது.

ராதா வாசலில் முகம் வெளுத்து நின்றாள். "வார்டு ஆபீஸ்லேந்து சாயங்காலம் வீடு வீடா வர்றாங்களாம், பட்டாளத்துக்குப் பேர் எடுக்க. எதிர் வீட்டுக்காரங்க வந்து சொன்னாங்க. அவரு ஊருக்கு வெளிய, மாவ்பில இருக்குற எங்க சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டாருக்கா. சாமி குத்தம்னு சொன்னேன், நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்குறேன்னாரு. உங்களுக்குப் போன் போட்டாரு. கெடைக்கல."

அவன் ஓடியது தப்பில்லை. அவள் வீட்டில் இருந்திருந்தால் அவளே துரத்தியிருப்பாள். ஆனால் அந்தச் சக்கரங்கள்! போனை எடுத்தாள். கரண்ட் போனால் டவரும் போய்விடும். அன்றும் கரண்ட் போயிருந்தது, டவர் இல்லை. பூஜையறைக்குள் ஓடி, பொட்டு கலைவதைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்தாள். ராதா "அக்கா!" என்று அலறினாள்.

"வாய மூடு! பின்சக்கரம் ரெண்டையும் நான் இறுக்கவே இல்லடீ!"

தெருமுனையில் ஜுல்ஃபிகர் நானா டாக்ஸியில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நகரத்தின் நடுவில் இருக்கும் பபேடானிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் தமிழர், வயதில் மூத்தவர், தெருவுக்கே நானா, அதாவது அண்ணன். அவருடைய சக்கரத்தையும் அவள்தான் கழுவுகிறாள். விஷயத்தைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏறினார்.

"எந்த வழியா போயிருப்பான்?"

"சாவடி இல்லாத வழியா, நானா. நான்தான் அவனுக்கு அப்படிச் சொல்லி வெச்சிருக்கேன்."

மெயின் ரோட்டை விட்டுச் சந்துகளில் புகுந்து போனார்கள். மழையில் பெயர்ந்த ரோடு. ஒவ்வொரு பள்ளத்திலும் டாக்ஸி குதிக்கும்போது அவளுக்கு அந்த நட்டுகள் ஒவ்வொரு திருகாகக் கழல்வது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கேயாவது சில்வராக ஏதாவது மின்னினால் நெஞ்சு நின்றுவிடும். கிட்டே போனால் தகர மூடியாக இருக்கும், சிகரெட் அட்டையாக இருக்கும்.

"அவன் நல்லாயிருப்பான்மா. அல்லா காப்பாத்துவான்," என்றார் நானா.

"பெயிண்ட் அடிச்சவ நானு, நானா. ஒரே ஒரு நிமிஷ வேலை. அத செஞ்சிட்டு ஸ்பேனரக் கொண்டுபோயி வெச்சிருக்கலாம். நல்ல நேரமாம், நல்ல நேரம்!" தலையில் அடித்துக்கொண்டாள்.

தாவ்ச்சான் சந்திப்பைத் தாண்டி மறுபடி மெயின் ரோட்டில் ஏறித்தான் ஆகவேண்டும். மாவ்பிக்கு வேறு வழியில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. நானா வண்டியை நிறுத்துவதற்குள் அவள் ஸ்பேனரோடு இறங்கி ஓடினாள்.

வேன் ரோட்டை விட்டு இறங்கி, பின்பக்கம் ஒரு மூலை புல்லில் குத்திச் சாய்ந்து நின்றது. அங்கே சக்கரம் இல்லை. பக்கத்தில் சுரேந்திரன் நின்றுகொண்டிருந்தான். முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். முழுசாக நின்றான்.

பவானி அவன் மேல் விழுந்தாள். முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள். பிறகு முதுகில் ரெண்டு சாத்து சாத்தினாள். "என்னக் கேக்காம ஏண்டா எடுத்த? ஏண்டா எடுத்த?" என்று கேட்டுக்கொண்டே அழுதாள். வழியெல்லாம் வேண்டிக்கொண்ட அத்தனை சாமிக்கும் அங்கேயே நின்று கும்பிடு போட்டாள். உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று அந்த நிமிஷம் மனசார நினைத்தாள்.

"அக்கா," என்றான் அவன். "சக்கரம் உருண்டு போயி அந்த டீக்கடைக்காரரு கால ஒடச்சிருச்சு. அவர வேற வண்டில ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். ஓடிடலாம்னு தோணுச்சு. அவர அப்படியே விட்டுட்டு எப்படிக்கா ஓடுறது?"

அப்போதுதான் அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கடையின் மூங்கில் கால் ஒடிந்து தகரம் தொங்கியது. அதற்கு அப்பால் ஒரு பட்டாளத்து லாரி வந்து நின்றது. சீருடைக்காரர்கள் இறங்கினார்கள்.

பவானி தம்பிக்கு முன்னால் போய் நின்றாள். கையில் இருந்த ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, பர்மியில் கத்தினாள். சக்கரத்தை மாட்டினது நான், இறுக்காமல் விட்டது நான், இவனுக்கு ஒன்றும் தெரியாது, என்னைக் கொண்டு போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நானாவும் வந்து சேர்ந்து கை கூப்பினார்.

வந்தவர்களில் ஒருவன் அவளை மெதுவாக, பெரியவர்களை ஒதுக்குவது போலவே, தோளைப் பிடித்து ஒதுக்கினான். உடைந்த கடையைப் பார்க்கவில்லை. வேனையும் பார்க்கவில்லை. சுரேந்திரனின் அடையாள அட்டையை வாங்கிப் புரட்டினான்.

"என்ன வயசு?" என்று மட்டும் கேட்டான்.