மின்சாரம் இருந்தும் தறி ஓடாத நாள்

எங்கள் தறிக் குடோனில் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு சிறிய மீட்டர் இருக்கிறது. கட்டணத்துக்குக் கணக்கெடுக்கும் மீட்டர் வாசலில் தனியாக உண்டு. உள்ளே இருப்பது வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் துடைப்பது என் வேலை. பஞ்சுத் தூசி படிந்தால் அதன் பச்சை விளக்கு தெரியாது. காலையில் தறி ஓட்ட ஆட்கள் வருவதற்கு முன் ஈரமில்லாத துணியால் துடைத்துவிடுவேன்.

கருமத்தம்பட்டியைத் தாண்டி உள்ளே வரும் எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் தறிக் குடோன்கள்தான். நம் அரசும் இன்னொரு நாட்டு அரசும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தன. தறிகளில் இருக்கும் பழைய மோட்டார்களை எடுத்துவிட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது மோட்டார்களைப் பொருத்துவது. செலவில் பெரும்பகுதி அந்த நாட்டினுடையது. அதற்கு முன் பழைய மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று சில மாதங்கள் அளக்க வேண்டும். அப்போதுதான் பிறகு எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியும். அந்த மிச்சத்தைக் கரிப்புகையின் அளவாக மாற்றி அவர்கள் நாட்டுக் கணக்கில் காட்டுவார்களாம்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் என் கணவர். ஒவ்வொரு குடோனாக ஏறி இறங்கி அவர்தான் எல்லோரையும் சேர்த்தார். கடைசிவரை இழுத்தடித்தவர் எதிர் குடோன்காரர். உறவில் எனக்கு அண்ணன் முறை, வயதில் மிகவும் மூத்தவர். அவர்கள் வாசலில் நின்று பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

“ஏனுங் மாப்பிள்ளை, நாம தறி ஓட்டறதுக்கு அவன் எதுக்குங்க மோட்டாரு குடுக்கறான்?”

“அங்க பனிமலை உருகுதாமுங்க மச்சான்.”

“எம்பட மோட்டாருக்கா உருகுது?”

“உங்குளுது ஒண்ணுக்கே பாதி மலை போயிருக்கும். அந்தச் சூடு சுடுது.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உண்மையில் அவருக்குத்தான் இந்தத் திட்டம் மிகவும் தேவை. அவருடைய மோட்டார்கள் அவருடைய அப்பா காலத்தவை, அடிக்கடி காயில் கருகி, புதிதாகக் கம்பி சுற்றக் கொடுக்க வேண்டும். இந்தப் புது மோட்டார் வரவில்லையென்றால் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்கு ஈரோடு போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், “மருமகன் டிவி பாக்கறத பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்” என்பார்.

அளக்கும் மாதங்களுக்கு நடுவில் என் கணவர் இறந்தார். காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆம்புலன்சில் அவருடன் நான்தான் வந்தேன். அவிநாசி சாலையில் ஏதோ பாலம் வேலை நடந்ததால் வண்டி மெதுவாக வந்தது. போர்வையின் ஓரத்தில் துணி துவைப்பவர்கள் போட்ட சிவப்பு நூல் அடையாளம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது சத்தமே இல்லை. பகலில் அந்தத் தெருவை நான் அப்படிக் கேட்டதில்லை. தறிச் சத்தத்தில் யார் பேசுவதென்றாலும் காதருகே வந்து பேசும் தெரு அது. அன்றைக்கு வண்டியின் திரும்பும் விளக்கு டிக் டிக் என்று அடிப்பதுகூடக் கேட்டது. எங்கள் பக்கத்தில் தெருவில் ஒரு சாவு விழுந்தால், எடுத்துக்கொண்டு போகும்வரை யாரும் தறி ஓட்டமாட்டார்கள். யாரும் போய்ச் சொல்வதில்லை. ஒரு குடோன் நின்றால் அடுத்தவர் வாசலுக்கு வந்து பார்ப்பார், பிறகு அவரும் போய் நிறுத்துவார்.

அன்று நான் அழவில்லை. பிறகும் இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் போனதா, பந்தலுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கருமாதி முடிந்த மறுநாள் குடோனைத் திறந்து மீட்டரைத் துடைத்தேன்.

அதன்பின் ஒரு நாள் கோயமுத்தூரிலிருந்து திட்டத்தை ஒருங்கிணைக்கும் பெண் போன் செய்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். அவளுக்கும் வெளிநாட்டு இன்ஜினியருக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுவது அவள் வேலை.

“மேடம், ஒரு பிரச்சினை. ஒரு நாள் உங்க தெருவுல எல்லா மீட்டரும் வரிசையா பூஜ்யத்துக்கு வந்திருக்கு. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கேட்டேன். எல்லாரும் கரண்ட் இல்லன்னு சொல்றாங்க.”

எந்த நாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“ஆனா மீட்டர்ல வோல்டேஜும் பதிவாகும் மேடம். அன்னிக்கு முழுக்க கரண்ட் வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. யாரும் எடுக்கல. இன்ஜினியர் சாரு வேற மாதிரி நினைக்கிறாரு. தெருவே பேசி வச்சு மீட்டர ஏதோ பண்ணிட்டுப் பொய் சொல்றாங்கன்னு. பதிவு நம்பற மாதிரி இல்லன்னு எழுதிட்டா உங்க தெருவையே எடுத்துட்டு ஈரோட்டுப் பக்கம் ஒரு ஊருக்குக் குடுத்துருவாங்க.”

சாயங்காலம் எதிர் குடோனுக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். அவர் தறிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார்.

“கரண்ட் இல்லீன்னு ஏனுங்ணா சொன்னீங்க?”

“பின்ன என்னம்மணி சொல்றது? யாரோ ஒரு புள்ள போன்ல கேக்குது. மாப்பிள்ளை போயிட்டாருன்னு எம்பட வாயில எப்படி வரும்? எழுதி எழுதி எங்கெங்கியோ அனுப்புவாங்க. உம்பட பேர அதுல இழுக்கோணுமா?”

“மத்தவிங்களும் அதையே சொல்லியிருக்காங்க.”

“நாங்க பேசி வச்செல்லாம் சொல்லலீம்மணி. அவிங்கவிங்களுக்கா தோணியிருக்குது.”

அவரை நான் குறை சொல்லவில்லை. என்னை யாரும் அந்த நாளைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது என்று தெரு முழுக்கத் தனித்தனியாக ஒரே பொய்யைச் சொல்லியிருந்தது. அந்தப் பொய்யால்தான் இப்போது தெருவே போகப் பார்த்தது. திட்டம் போனால் அண்ணன் தறியை எடைக்குப் போடுவார். என் கணவர் ஏறி இறங்கிய படிகளெல்லாம் வீண். இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்த்தேன். எதுவும் உறைக்கவில்லை. செய்ய வேண்டியது மட்டும் தெளிவாக இருந்தது. இன்ஜினியரிடம் நானே பேசுகிறேன் என்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

அடுத்த வாரம் லேப்டாப்புடன் வந்தாள். குடோனை ஒட்டிய அறையில், என் கணவர் உட்காரும் மேசையில் அதை வைத்தாள். திரையில் அந்த நாட்டு இன்ஜினியர் தெரிந்தார். நரைத்த மனிதர், ஸ்வெட்டர் போட்டிருந்தார். அண்ணனும் வந்து என் பின்னால் நின்றார். தறி ஆட்களை டீ குடிக்க அனுப்பியிருந்தேன்.

திரையில் கோடுகள் வந்தன. ஒவ்வொரு குடோனுக்கும் ஒரு நிறம். ஒரே உயரத்தில் ரம்பத்தின் பற்கள்போல் ஓடிவந்த கோடுகள் ஓரிடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்தன. முதலில் விழுந்தது எங்களுடைய நீலம். பின்னாலேயே எதிர் குடோனின் ஆரஞ்சு. மாலையில் மற்றவையெல்லாம் எழுந்தன. நீலம் மட்டும் பல நாட்கள் தரையிலேயே கிடந்தது. அப்படியானால் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் எங்கள் தறி ஆட்களே நிறுத்தியிருக்கிறார்கள். அதுவரை எனக்கு அது தெரியாது.

“இது என்ன என்று கேட்கிறார் மேடம்” என்றாள் அந்தப் பெண், மேடைத் தமிழில்.

“அன்னிக்கு எங்கூட்டுக்காரரு இறந்துட்டாருங்க. தெருவுல எழவு விழுந்தா, எடுக்கற வரைக்கும் தறி ஓட்டமாட்டாங்க. எங்குளுது கருமாதி வரைக்கும் ஓடுலீங்க. கரண்ட் இருந்துச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். எப்போதாவது எங்கள் தெருவுக்கு வந்து போகிறவள் என்றாலும் என் கணவர் இறந்ததை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் ஊருக்குப் போயிருப்பதாக நினைத்திருக்கிறாள். பிறகுதான் மொழிபெயர்த்தாள். நான் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வருத்தம் தெரிவித்தார். உண்மையாகத்தான் இருந்தது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கணக்குல சேர்க்கணுமாம். இந்த மாதிரி வருஷத்துக்கு எத்தனை தடவை நடக்கும்னு கேட்கிறாரு.”

“அதுக்கு எமனையத்தான் அந்தக் கம்ப்யூட்டர்ல கூப்புடோணும்னு சொல்லு கண்ணு” என்றார் அண்ணன்.

அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லியிருப்பாள். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். இறப்புச் சான்றிதழின் நகலும், எங்கள் வழக்கத்தைப் பற்றி நான் கையெழுத்திட்ட ஒரு பக்கமும் வேண்டும் என்றார். சான்றிதழ் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் போனில் படம் பிடிக்கும்போது அதன் ஓரம் சுருண்டது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

தெரு தப்பித்தது. எங்கள் விளக்கம் ஏற்கப்பட்டு, அந்த நாட்கள் வழக்கமற்றவை என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. திருத்திய வரைபடத்தை அவள் எனக்கு அனுப்பினாள். அதில் கோடுகள் எங்கேயும் விழவில்லை. முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடம் எதுவென்று பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

தை மாதத்தில் மோட்டார்கள் வந்தன. அண்ணன் தன் பழைய மோட்டார்களை எடைக்குப் போட்டார், தறிகளை வைத்துக்கொண்டார். புது மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சலே இல்லியே, ஓடுதா நெசமாலுமே?” என்றார். அடுத்த தீபாவளிக்குக் கூரையில் சூரிய ஒளித் தகடுகள் பொருத்தலாம் என்கிறார்கள். மீட்டர் அப்படியே இருக்கிறது. இப்போது மிச்சத்தை அளக்கிறது.

போன மாதம் ஒரு முற்பகல், பாவு நூல் வந்த மூட்டைகளை அடுக்கவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தெருவைத் தாண்டி வந்து என் காதருகே குனிந்தார். தெருக்கோடி வீட்டில், நீண்ட நாளாகப் படுக்கையில் இருந்த பெண் இறந்துவிட்டாள் என்றார். அவளுக்கு என் வயதுதான்.

“அம்மணி, நிறுத்துனா மீட்டர்ல கோடு உழுந்துருமே. மறுக்கா அந்தாளு எதாச்சு கேப்பானோ?”

“உழுகுட்டுங்ணா. கேட்டா நான் எழுதிக் குடுத்துக்கறேன்.”

“அப்ப நிறுத்தீர்லாங்கற.”

“நிறுத்துங்க.”

அவர் திரும்பிப் போனார். நான் ஆட்களுக்குக் கையைக் காட்டிவிட்டு மெயின் பெட்டிக்குப் போனேன். அதுவரை அதை நான் இறக்கியதில்லை, என் கணவர்தான் செய்வார். கைப்பிடி நினைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன். எதிர் குடோன் நின்றது. அதற்கடுத்தது நின்றது. தெருவின் இரண்டு பக்கமும் நின்றபிறகு, கோடி வீட்டில் அழுவது இங்கேவரை கேட்டது.