தங்கச்சியின் தலைமாட்டுக் கல்

எங்கள் தோட்டத்து மலை உச்சிக் கோட்டையைப் பார்க்க இப்போது பதுளையிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள். நான் பிறந்தபோது அங்கே கோட்டை எதுவும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு இடிந்த சுவர், மானாப்புல், அட்டை. அவ்வளவுதான்.

எந்த ராசா கட்டினான், யாரோடு சண்டை போட்டுச் செத்தான் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. வெள்ளைக்காரன் காட்டை வெட்டித் தேயிலை போட்டபோது நல்ல கற்களையெல்லாம் உருட்டிக்கொண்டுபோய் பங்களாவுக்குப் படி கட்டினான். உச்சியில் காற்று அதிகம், தேயிலை ஏறாது. தேயிலை ஏறாத இடம்தானே எங்கள் பிணங்களுக்கு! அந்தச் சுவருக்குள்தான் புதைத்தோம். சிமெந்து வாங்க வக்கில்லாததால் தலைமாட்டில் வைக்கச் சுவரிலிருந்தே ஆளுக்கொரு கல்லைப் பெயர்த்தோம்.

தங்கச்சி ஒரு வருசம்கூட இருக்கவில்லை. காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வரவில்லை. அவளுக்காக அப்பா தேடி எடுத்த கல் சின்னது. அதில் பாதித் தாமரை செதுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்கு மஞ்சள் பூசிப் பால் விடுவாள்.

எனக்கு ஏழு வயதிருக்கும். கோட்டைச் சுவரைப் பழையபடி எடுத்துக் கட்டுவதற்கு அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். கல் சுமக்கத் தோட்டத்தில் ஆள் கேட்டார்கள். அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அப்பாவையும் அந்த வேலைக்கே பிரித்துவிட்டார்கள்.

சேதி கேட்டு அம்மா கொழுந்துக் கூடையோடு மலையேறி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அதற்குள் பாதிக் கல்லறைகளில் கல் இல்லை. தங்கச்சியின் கல் முன்னால் ஒரு யாழ்ப்பாணத்து அதிகாரி குந்தியிருந்து, தூரிகையால் மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அது எம்புள்ள கல்லுங்க."

"இல்லையம்மா, இது கோட்டையின்ர கல். வாசல்ல இருந்தது. திரும்ப அங்கதான் வைக்க வேணும்."

கல் சுமக்க வந்திருந்த மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அந்த ராசா செத்து எத்தன காலமாச்சு? இப்பதான் கல்லு கேட்டு ஆளனுப்புறானா?" என்றார். சுமக்கிறவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப பங்களாப் படியையும் பேத்தெடுக்கச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் இன்னொருவர்.

அதிகாரி குனிந்து மறுபடி மஞ்சளைத் தேய்த்தார். இன்றுவரை எவனும் அந்தப் படியில் கைவைக்கவில்லை.

அம்மா கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ராசாவுக்கு இம்புட்டுக் கல்லு இருக்குங்க. எம்புள்ளைக்கு இது ஒண்ணுதான்."

"விளங்குதம்மா. ஆனா தடுத்தால் பொலிசுக்குச் சொல்ல வேண்டி வரும்."

பொலிஸ் என்றதும் சிரிப்பு நின்றது. இரண்டு பேர் கல்லைத் தூக்க வந்தார்கள். அப்பா அவர்களைத் தள்ளிவிட்டார்.

"எவனும் தொடாத. நானே எடுக்குறேன்."

அம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டுக் கல்லைப் பெயர்த்தார். மற்றவர்கள் சும்மாடு வைத்துத் தலையில் பெரிய பெரிய கல்லாகச் சுமந்து வேகமாகப் போனார்கள். அப்பா மட்டும் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து நடந்தார். ஓர் இடத்தில் நின்று, அதன் மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

அத்தனை சின்னக் கல்லைத் தூக்க அப்பாவுக்கு ஏன் பலமில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.