தாலி கழற்றிய அறையும் மாமாங்கத்து நேர்த்தியும்

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாகத் தயங்கினேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் மருத்துவம் பற்றி என்னத்தை எழுதுவது? பிள்ளையாரை நினைத்து இப்போது தொடங்குகிறேன்.

டொரொண்டோவில், மூளையைப் படம்பிடிக்கும் அறைக்குள் போகுமுன் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே பெரிய காந்தமாம். அப்படியிருக்கும் என்று தெரிந்து, மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டிய நூல் கொண்டுபோயிருந்தேன். இவர் அதை என் கழுத்தில் கட்டிவிட்டு, பவுண் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டார். "முதல் கட்டக்குள்ள கை நடுங்கின. இப்ப நடுங்கல்ல, பாத்தியாகா?" என்றார். பார்த்து நின்ற தாதிப் பிள்ளை, இன்று எங்கள் கல்யாண நாளாக்கும் என்று வாழ்த்துச் சொன்னாள். நாங்களும் "தேங்க் யூ" என்றோம்.

அல்சைமர் நோய்க்கான மருந்து ஆராய்ச்சிக்கு ஆட்கள் வேண்டும் என்று கோயில் மண்டபத்தில் ஒரு டொக்டர் வந்து பேசியிருந்தார். மறதி தொடங்காதவர்களும் வரலாமாம். சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். நான் உடனே பெயர் கொடுத்தேன். களுவாஞ்சிக்குடியில் என் அம்மாவுக்கு அந்த நோய்தான் இருந்தது. அறளை பெயர்ந்துவிட்டது என்று ஊரில் சொல்வோம். நான் இங்கிருந்து போன் எடுத்தால், "ஆருகா கதைக்கிற?" என்பா.

"நான்தானம்மா, பெரியவள்."

"பெரியவள் வட்டைக்குச் சோறு கொண்டு போயிற்றாள். வந்த உடன சொல்றன்."

அப்பா வேலை செய்த வயலுக்குச் சிறுவயதில் நான்தான் சோறு கொண்டுபோவேன். அந்த ஒரு நினைவு மட்டும் அம்மாவிடம் எப்படித் தங்கியது? அதை அறியும் ஆவலும், அந்த நோய் எனக்கும் வருமா என்ற பயமும் சேர்ந்துதான் என்னை அங்கே கொண்டுபோயின. என்னை எடுக்கவேண்டும் என்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரருக்கு நேர்ந்தேன். எடுத்தால் ஊரிலிருக்கும் தங்கச்சி அங்கே பொங்குவதென்று பேச்சு. பள்ளிக்கூடச் சோதனைபோல, நல்ல மூளைதான் பாஸாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வேறொரு மெஷினிலும் எடுத்த படங்களையெல்லாம் பார்த்த டொக்டர் எங்களைக் கூப்பிட்டு, என்னை எடுப்பதாகச் சொன்னார். நான் கைகூப்பினேன். அவர் சங்கடப்பட்டு மெதுவாக விளங்கப்படுத்தினார். மூளையில் ஒரு புரதம் படிந்தவர்களைத்தான் எடுப்பார்களாம். என் மூளையிலும் அது படிந்திருக்கிறது. மறதி வந்தே தீரும் என்றில்லை. ஆனால் வரும் சாத்தியம் அதிகம்.

தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"எடுத்திற்றாங்களா அக்கா? அப்ப நாளைக்கே பொங்கிறன்!"

"பொறுகா. அந்த நோய்க்கு வித்து இருக்கிறாக்களைத்தான் எடுக்கிறாங்களாம்."

"மறுகா என்னத்துக்கு இப்பிடியொரு நேர்த்தி வச்ச நீ? சாமிக்கிட்டயும் வடிவாக் கேக்கத் தெரியாதா உனக்கு?" அழுதுகொண்டே ஏசினாள். பிறகு, "இப்ப பொங்கிறதா, விடுறதா?" என்றாள்.

"பொங்கு. கேட்டதை அவர் தந்திற்றார்தானே."

இன்னும் போய் ஊசி வழியாக மருந்து ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். எனக்கு எது என்று எனக்கும் தெரியாது, அந்த டொக்டருக்கும் தெரியாது. அவ்வளவு படித்தவரும் என்னைப்போல் காத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய அதிசயம்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். சுகமாகிவிட்டாள் என்று கூட்டவேண்டாம். அறளை பெயர்ந்துவிட்டது என்று முடிக்கவும் வேண்டாம். கையில் ஊசியோடு இங்கே சாய்ந்திருப்பவள் நான்தான். அம்மா சொன்ன பெரியவள் சோற்றோடு வட்டைக்குப் போனவள், இன்னும் திரும்பி வரவில்லை.