ஏனோக் அணைக்காத மைக்

மாரிகுப்பத்தில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற எங்கள் ரயில் பெட்டியில், உலக விஷயம் எதற்கும் ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருக்கும். ஏனோக் மட்டும் வாயே திறக்கமாட்டார். ஐம்பத்திரண்டு வயது, மாநாட்டு மண்டபங்களில் மைக் இயக்குகிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைத் திறந்து மூடுகிற மனிதருக்குச் சொந்தப் பேச்சு எங்கே மிஞ்சும் என்று நான் கேலி செய்வேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் அந்த வாரம் கொட்டித் தீர்த்தார். நாற்பத்தொரு நாடுகளின் தலைவர்கள் பெங்களூரில் கூடியிருந்தார்கள். ஆறுகள் வற்றுகின்றன, கடல் ஏறுகிறது, மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரை யார் எவ்வளவு எடுப்பது என்று பேச்சுவார்த்தை. அந்த மண்டபத்தின் மைக்குகள் அத்தனையும் ஏனோக் கையில்!

"வாணி, நம்ம கொழாயடி சண்டயேதான். இன்னா, இங்க கோட்டு சூட்டு போட்டுகினு சண்ட போட்றாங்க" என்பார் என்னிடம். பெட்டியே அவரைச் சுற்றி நிற்கும்.

அவருடைய பரபரப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பது வருடமாக அவர் ஒப்பந்த ஊழியர். இந்த மாநாடு புகாரில்லாமல் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஒரே ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவர் மனைவி ஜூடித் அக்கா இதற்காக உபவாசமெல்லாம் இருந்தார்.

நான்காவது நாள்தான் கடைசி நாள். ஒப்பந்தம் இழுபறியிலேயே கிடந்தது. நான் ஆபீசில் ஃபைலுக்குப் பின்னால் கைபேசியை நிறுத்தி நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னத் தீவு நாட்டின் பெண் அதிபர் பேச எழுந்தார். அவர்கள் ஊர்க் கிணறுகளிலெல்லாம் கடல் உப்பு ஏறிவிட்டதாம். ஆளுக்கு மூன்று நிமிடம்தான். அதற்குமேல் பேசினால் மைக்கை அணைத்துவிட வேண்டும். நான்கு நாளாக ஏனோக் எந்தத் தலைவருக்கும் தயவு காட்டியதில்லை.

அந்த அம்மாள் எழுதி வைத்ததைப் படித்துக்கொண்டே வந்தவர், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நேரம் முடிந்தது.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஏனோக்கின் அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாயிலில் போன் பிடித்தவர். பூமிக்கடியில் ஏதோ ஒரு லெவலில் இருந்து பேசுகிறவன் நடுவில் மௌனமானால், மேலே இருப்பவன் இணைப்பைத் துண்டிக்கவே கூடாது. கீழே பாறை சரிந்திருக்கலாம், அவனுக்கு மூச்சு முட்டியிருக்கலாம். அவன் சொல்லி முடிக்கும்வரை காதை எடுக்காமல் காத்திருப்பார்கள். சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் எதிர்முனை மௌனமானால் யாரும் போனை வைப்பதில்லை. இதில் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு எங்கள்மேல் தீராத எரிச்சல்.

ஏனோக்கின் விரல் பொத்தான்மேல்தான் இருந்ததாம்; பிறகு அவரே எங்களிடம் சொன்னார். காதுக்கருவியில் மேற்பார்வையாளர் மனோகர் கத்தினார்: "அண்ணா, டைம் ஆயிடுச்சு! கட் பண்ணுங்க!"

விரல் அழுத்தவில்லை. கடிகாரம் மூன்று நிமிடத்தைத் தாண்டி ஓடியது. அணைத்துத் தொலையுங்களேன் என்று கைபேசியைப் பார்த்துச் சொன்னேன்.

இருபது வினாடி கழித்து அந்த அம்மாள் தாளைக் கீழே வைத்தார். "கடல் ஏறியதற்கு நாங்கள் கேட்ட நஷ்டஈட்டையெல்லாம் விட்டுவிடுகிறோம். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி இருக்கட்டும். தொழிற்சாலைக்குக் கொடுப்பதற்கு முன், குடிக்கிறவர்களுக்குத் தண்ணீர். இதற்கு யார் சம்மதிக்கிறீர்கள்?"

பிறகு, நான்கு நாளாக முறைத்துக்கொண்டிருந்த பெரிய ஆற்று நாட்டின் பிரதமர் கை தூக்கினார். ஏனோக் அவர் மைக்கைத் திறந்தார். "நஷ்டஈடு இல்லையென்றால் அந்த வரிக்கு எங்களுக்குச் சம்மதம்." அடுத்து ஒருவர், அதற்கடுத்து இன்னொருவர். ஏனோக் திறக்கத் திறக்க சம்மதம், சம்மதம்! நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டுமே!

அரை மணி நேரத்தில் வில்லங்கம் வந்தது. தங்கள் பிரதமர் அவசரப்பட்டுவிட்டார் என்று அந்த ஆற்று நாட்டு அதிகாரிகளுக்கு உறைத்திருக்கிறது. நேரம் கடந்த பேச்சு இயந்திரக் கோளாறால்தான் வெளியே கேட்டது, அது பதிவில் சேராது, அதற்குச் சொன்ன பதிலும் சேராது என்று கிளப்பினார்கள். மேடையிலிருந்து மைக் பதிவேட்டைக் கேட்டு ஆள் வந்தது. கோளாறு என்று எழுதியிருந்தால் எல்லாம் ரத்து. இயக்குகிறவரே தெரிந்து திறந்து வைத்திருந்தால் பேச்சு செல்லும்.

மனோகர் நல்ல மனுஷன். மூச்சிரைக்க ஓடி வந்தார். "அண்ணா, பட்டன் ஸ்டக் ஆயிடுச்சுன்னு எழுதிடுங்க. மெஷின் மேல போயிடும். உங்க பர்மனென்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஸ்டக் ஆவலியேப்பா."

"அது யாருக்குத் தெரியும்? ஒன்பது வருஷம், அண்ணா!"

ஏனோக் பேனாவை எடுத்தார். மைக் சரியாக வேலை செய்தது, பேசியவர் முடிக்கவில்லை, அதனால் நான் அணைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சாயங்கால ரயில் நகரும்போது ஓடி வந்து தொற்றி ஏறினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "கையெழுத்து ஆயிடுச்சி! நாப்பத்தொண்ணும் போட்டாச்சி!" பெட்டி அதிர விசில் அடித்தார்கள். யாரோ வேர்க்கடலைப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தார்கள். அதிபராகவும் பிரதமராகவும் மனோகராகவும் நடித்து, பங்காருபேட்டை வருவதற்குள் மூன்று தடவை கதை சொன்னார். மூன்று தடவையும் கைதட்டினோம்.

"அப்போ பர்மனென்ட்?" என்று நான்தான் கேட்டேன்.

"நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க" என்றார், அதே உற்சாகத்தோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவர்களெல்லாம் மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம், இவர் வீட்டுக்குப் போகணுமாம். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்போது ஜூடித் அக்கா அழைத்தார். கூட்டச் சத்தத்தில் ஏனோக் ஸ்பீக்கரைப் போட்டார். அன்று முதல்முறையாக அவர் முகம் வாடியது.

"ஜூடித், வேல போச்சு."

"அய்யோ! இன்னா பண்ணீங்க?"

"அந்தம்மா பேசிகினு இருந்தாங்க. மைக்க கட் பண்ணல."

"பேசி முடிச்சாங்களா?"

"முடிச்சாங்க."

"அப்ப வாங்க. ரெண்டு பேரும் சாப்புடலாம்."