ஆகாது சார்

முதல் மாடியில் குடியிருந்த அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேனே தலையைச் சொறிவார். 'ஆகாது சார்' வீடு எது என்று கேளுங்கள், கையோடு கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

சின்ன வயதில் அவருக்கு வெண்டைக்காய் பிடிக்காது. பிடிக்காது என்று சொன்னால் முதுகு பழுத்துவிடும் என்பதால், "வெண்டைக்காய் ஆகாது" என்றார். யாருக்கு ஆகாது, எதனால் ஆகாது என்று அம்மா கேட்கவில்லை. பாவம், அந்த வீட்டில் ஐந்து பேர் ஒன்பது வருஷம் வெண்டைக்காயைக் கண்ணால் பார்க்கவில்லை. அதில் தங்கைக்கு வெண்டைக்காய் என்றால் உயிர்.

பிறகு உத்தியோகம். சுற்றறிக்கை எழுதும் பிரிவில் உட்காரவைத்தார்கள். முதல் நாளே மேலதிகாரி அவருடைய தாளில் 'எனக்கு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "சுற்றறிக்கையில நான், எனக்கு எல்லாம் வரக்கூடாதுப்பா" என்றார். சரியான பாடம்தான். நம்முடைய ஆள் அதை ஆபீசோடு விட்டிருக்கலாம் இல்லையா? முப்பத்தொரு வருஷம் 'எனக்கு' இல்லாமலே எழுதி, வீட்டிலும் 'எனக்கு' இல்லாமலே பேசி, ஓய்வு பெற்ற கையோடு குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகவும் ஆகித் தொலைத்தார்.

படிக்கட்டுக்குக் கீழே கரும்பலகை ஒன்று வந்தது. 'பூனை ஆகாது.' 'படியில் சீட்டி அடிப்பது ஆகாது.' 'மஞ்சள் திரைச்சீலை ஆகாது.' மாதக் கூட்டத்தில் அவர் பலகையைக் கணீரென்று வாசிப்பார், எல்லோரும் கை தூக்குவார்கள், அன்றிலிருந்து அது சட்டம். எதற்குக் கை தூக்குகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தூக்கினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அவர் வீட்டுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், தங்கை இருந்தாள். கணவர் போன பிறகு பள்ளிச் சீருடை தைத்துத்தான் பிழைப்பு. மத்தியானம் இரண்டு மணிக்கு மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பிக்கும். அண்ணன் கண்ணயர்வதும் அதே இரண்டு மணிக்குத்தான். நாலு மாதம் பொறுத்தார். ஐந்தாம் மாதம் பலகையில் 'தையல் மெஷின் ஆகாது' என்று ஏறிவிட்டது. மத்தியானம் மட்டும் என்றில்லை, ஒரேயடியாக ஆகாது. ஒரு மனிதன் தூங்குவதற்கு இன்னொருத்தி பட்டினி கிடக்க வேண்டுமாம். இந்த நியாயம் எங்கே அடுக்கும்?

தங்கை படியேறி வந்தாள். "ஏன் அண்ணா, மெஷினை நிறுத்திட்டு நான் எதை வெச்சுப் பொழைக்கிறது?"

"இது தனிப்பட்ட விஷயம் இல்லம்மா. பொதுநலம்."

"எந்தப் பொது வந்து உன்கிட்ட கேட்டுச்சு?"

"அது... பொதுவா எல்லாருக்கும்தான்."

அவள் மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனாள். வாயாடித் தங்கை வாயை மூடினால் அண்ணன்மார் பயப்பட வேண்டும். இவர் நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

கூட்டத்தன்று பலகைக்கு முன்னால் வந்து நின்று கண்ணாடியை மாட்டியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணியில் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியால் ஒவ்வொரு வரியின் தலையிலும் 'எனக்கு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். யாரோ என்ன, கையெழுத்தே சொன்னது. அழிக்கலாம் என்று பார்த்தால், தலைவரான பல் டாக்டர், "பலகையில உள்ளதை உள்ளபடி வாசிக்கணும்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க? வாசிங்க" என்றார்.

வாசித்தார். "எனக்குப் பூனை ஆகாது. எனக்கு மஞ்சள் திரைச்சீலை ஆகாது." பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எனக்குத் தையல் மெஷின் ஆகாது" என்று முடிப்பதற்குள் நாற்காலிகளே குலுங்கின. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் டாக்டர். ஒரே ஒரு கைதான் மேலே நின்றது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் தன் மனைவியைப் பார்த்தார்.

"எனக்கு ஆகும்" என்றாள் அவள். "எனக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வரும்."

மறுநாள் இரண்டு மணிக்கு மெஷின் ஓடியது. மனைவி குறட்டை விட்டாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் கிடந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் எழுந்து கீழே போய், தங்கை வீட்டு வாசற்படியில் நின்றார். அவரைக் கண்டதும் அவள் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தாள்.

"எனக்கு..." என்று ஆரம்பித்தார். "எனக்கு இந்த நேரத்துல ஒரு மணி நேரம் தூங்கினாத்தான்மா தலைவலி வராது."

தங்கை அவரையே பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த சட்டையை எடுத்து, ஊசியில் நூலைக் கோத்தாள்.

"இதை முன்னாடியே வந்து கேட்டிருக்கலாம்ல அண்ணா? பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறது, பட்டன் வைக்கிறது எல்லாம் கைவேலைதான். மூணு மணி வரைக்கும் அதைப் பார்த்துக்கறேன். நீ போய்த் தூங்கு."